பம்பைத் திறந்த எங்கள் அக்கா

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் வணக்கம். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அக்கா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவர் அவர்தான். அப்பா தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் பெரிய காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டார். உள்ளே தூசு அடைத்துக்கொண்டால், கை சிறியது என்று அக்காவைத்தான் கூப்பிடுவார். இறக்கை இறக்கையாகத் துடைத்துவிட்டு, மூக்கெல்லாம் தேயிலைத்தூளாக வருவார்.

எழுபதுகளில் கப்பல் ஏறி வந்து கொடைக்கானல் மலையில் பூண்டிப் பக்கம் குடியேறினோம். அக்காவுக்குக் கல்யாணமாகிச் சீக்கிரமே அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. வெள்ளைப்பூண்டு வயலில் கூலிக்குக் குனிந்தவருக்குப் பிறகு ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. அங்கே காலையில் பம்புக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர் வேலை. அது போர்க்குழாய் பம்பு. அதன் வயிற்றை நிரப்பினால்தான் கீழேயிருந்து இழுக்கும்.

எண்பதுகளில் பிரசவத்துக்கு நான் அங்கேதான் படுத்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. உடனே ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. பஸ் போய்விட்டது, கொடைக்கானலுக்குக் கொண்டுபோக வழியில்லை. அந்த நேரம் பார்த்து, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. பம்பு பார்க்கிறவர் பெரியகுளத்துக்கு இறங்கியிருந்தார். ஓடைக்குக் குடத்தோடு போனவர்கள் பள்ளத்திலிருந்து ஏறி வரவேண்டும். ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்தது ஒரே அண்டா தண்ணீர்.

என் ஜன்னலுக்கு வெளியேதான் பம்பு கொட்டகை. பேச்செல்லாம் காதில் விழுந்தது. பார்க்க முடியாததை நர்ஸம்மா பிறகு சொன்னார்.

"பொம்பள கைய வச்சா மோட்டாரு முட்டையா போடும்?" என்றார் வாட்ச்மேன், பம்பைத் திறக்கப் போன அக்காவிடம்.

"நீங்க வச்சு எத்தன குஞ்சு பொரிச்சுச்சுண்ணே? அந்த ஸ்பேனர வெரசா எடுங்க."

திரும்ப அதே மாதிரி பொருத்துவதற்காக, திறக்கும் முன் மூடியிலும் பம்பிலும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாராம் அக்கா. உள்ளே தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரம், இம்பெல்லர் என்பார்கள், அதன் வாயில் நீலத் துணி சுற்றிக் கிடந்தது.

"ஐயையோ, இது எஞ் சேலைத் துணில்ல!"

குடிதண்ணீரை வடிகட்டுவதுபோலப் பம்புக்கு ஊற்றுவதையும் துணி கட்டித்தான் ஊற்றுவார் அக்கா. அன்று காலை துணியை எடுக்காமலே மூடிவிட்டிருக்கிறார். டாக்டரம்மா வெளியே வந்ததும், "எந் துணிதாம்மா அடச்சுருக்கு" என்று அவரே சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஆபரேஷன் இடுக்கி ஒன்றை நீட்டினார். "இத வச்சு இழுங்க. மறுபடி இதக் கொதிக்க வைக்கவும் தண்ணி வேணும், தெரியும்ல?"

நூல் நூலாக வந்தது. ஆனால் சக்கரத்தின் ஓரம் விண்டிருந்தது. கொட்டகைப் பலகையில் பழைய சக்கரம் ஒன்று கிடந்தது. மரை எந்தப் பக்கம் கழலும் என்று வாட்ச்மேனோடு ஒரு சண்டை. மண்ணெண்ணெய் விட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டித் தட்டி விண்டதைக் கழற்றினார். பழையதை மாட்டி, பஞ்சு வந்த அட்டைப்பெட்டியை வட்டமாக வெட்டி, தண்ணீர் கசியாதபடி நடுவில் வைத்து மூடினார்.

பிறகுதான் கேட்டார். "டாக்டரம்மா, அந்த அண்டாத் தண்ணி பூராவும் வேணும்."

"ஊத்தியும் இழுக்கலன்னா?"

"கை கழுவக்கூட இருக்காதும்மா. உள்ள கெடக்கறவ எந் தங்கச்சி."

 பிறகு டாக்டரம்மா குரல்: "தூக்கிட்டு வாங்க."

தண்ணீர் ஊற்றுவது கேட்டது. மோட்டார் ஓடியது. முதலில் காற்றைச் சுற்றும் வெறும் சத்தம். அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. நான் ஜெபம்கூடச் சொல்லவில்லை. அப்புறம் அந்தச் சத்தம் கனத்தது, தலையில் சுமை ஏறினாற்போல. குழாய் இருமியது. மேலே தொட்டியில் தண்ணீர் விழுந்தது. வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் உடம்பெல்லாம் புல்லரித்தது. பூமிக்குள் கிடந்த தண்ணீரை எங்கள் அக்கா மேலே வரவைத்துவிட்டார். இன்று நினைத்தாலும் எனக்கு அது மனித காரியமாகத் தோன்றவில்லை. அன்று பிறந்தவள்தான் என் மகள்.

ஊரிலிருந்து திரும்பிய பம்புக்காரர், "யாரு எம் பம்பத் தொட்டது?" என்று கத்தினார். "நாந்தான். கெடுத்ததும் நாந்தான்" என்றார் அக்கா. பம்புக்காரர் சிரித்துவிட்டார். பிறகு கூக்கால் ஊரிலிருந்துகூடப் பாசி அடைத்த பம்புகளுக்கு அக்காவைத் தேடி வந்தார்கள்.

கடைசியில் மூச்சுத்திணறலால் படுக்கையில் விழுந்த அக்காவைத் தூக்கி உட்காரவைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், மழையில் நனைந்தபடி பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்த பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

ஒன்று பாக்கி. மேலே எழுதியதை என் மகளிடம் சொல்ல அக்கா என்னை விட்டதே இல்லை. "அதெல்லாம் புள்ளைக்கு எதுக்குடி? தெரிஞ்சா என்னையக் கண்டதும் கும்பிட்டுக்கிட்டு நிக்கும். எனக்கு அது பெரியம்மான்னு மடியில வந்து படுக்கணும்" என்பார்.

கல்யாணமாகித் தானும் தாயான பிறகும், வரும்போதெல்லாம் அவள் முதலில் போய்ப் படுத்தது அந்த மடியில்தான். உங்களோடு சேர்ந்து அவளும் இதை இன்றுதான் படிக்கிறாள்.