குழம்பு நின்றுபோன வீடு

போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்த சுந்தர்ராஜுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. மதியச் சோற்றுக்குக் குழம்பு வேண்டும். அதில் ஒரு நல்லி எலும்பு கிடந்துவிட்டால், அன்றைக்கு ஏலக்காய் விலை இறங்கினால்கூட யாரையும் திட்டமாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் அந்தக் குழம்புக்கு ஆபத்து கப்பலேறி வந்தது. பெயர் வால்டர். ஸ்காட்லாந்திலிருந்து ஏலச்செடியைப் பற்றிப் படிக்க வந்த மாணவன். அவனை நாலு மாதம் யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று குருவானவர் கேட்டார். மச்சான் பொன்னுராஜ் வாயைத் திறப்பதற்குள் சுந்தர்ராஜ் முந்திக்கொண்டு, “நம்ம வீடு இருக்குதே” என்று சொல்லித் தொலைத்தார்.

மனைவி கிருபாவதி அன்றே களத்தில் இறங்கினாள். “வெள்ளைக்காரப் பிள்ளையத் தரையில உக்கார வச்சு, சோத்தப் பிசைஞ்சு தின்னச் சொல்றதா? எங்க பொன்னுராஜ் அண்ணன் வீட்டுல சிரிப்பாகல்ல?”

மேசையும் முள்கரண்டிகளும் ஒரு எஸ்டேட் ஆபீசிலிருந்து இரவல் வந்தன. நாற்காலிகளில் ஒன்று குருவானவரின் கோயிலுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஊழியத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்.

விருந்தாளி தனியாகக் குத்திக்கொண்டிருந்தால் கூச்சப்படுவான் என்று வீடே முள்கரண்டிக்கு மாறியது. ஆனால் குழம்பு முள்ளில் நிற்கவில்லை. கிருபாவதி கரண்டியை மாற்றவில்லை, குழம்பை நிறுத்திவிட்டாள். குத்தி எடுக்க முடிந்ததுதான் இனிமேல் சாப்பாடு: வேகவைத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த முட்டை, வேகவைத்த பீன்ஸ்.

“ஏ புள்ள, எனக்கு மட்டும் ஒரு சட்டியில கொஞ்சூண்டு வையேன். அடுக்களை ஓரமா உக்காந்து…”

“வாசம் வெளிய வராதா? அந்தத் தம்பி என்ன நெனைக்கும்?”

அந்தத் தம்பி மெட்ராஸ் முன்ஷியிடம் படித்த தமிழில், “மிகுந்த ருசி, அம்மா” என்று சொல்லிவிட்டு இன்னொரு கிழங்கைக் குத்தினான்.

ஒரு வாரம் பொறுத்தார். ஒரு மதியம், களத்தில் காய் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நல்லகண்ணுவின் கிளப்புக்கடைக்குள் நுழைந்தார். இலை விழுந்தது, குழம்பு விழுந்தது. முதல் கவளம் போனதும் உயிர் திரும்பிற்று. தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ நல்லி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தொழில் தெரிந்தவன் போலிருக்கிறது என்று மரியாதையோடு எட்டிப் பார்த்தார்.

முழங்கை வரை குழம்பு வழிய வால்டர் உட்கார்ந்திருந்தான்.

“தம்பி நாலு நாளா வர்றாக. உறிஞ்சக் கத்துக்குடுத்தது நாந்தான்” என்றார் நல்லகண்ணு பெருமையாக.

வால்டர் முகம் சிவந்துவிட்டது. “ஐயா, அம்மாளிடம் சொல்லிவிடாதீர்கள். கரண்டியால் உண்பது உங்கள் குடும்ப வழக்கம். நான் குறை சொல்லவில்லை. எனக்குப் பசித்தது.”

“எங்க வழக்கமா?”

“தங்கும் வீட்டில் எப்படி உண்கிறார்களோ அப்படியே உண்ண வேண்டும் என்று குருவானவர் சொன்னார்.”

சுந்தர்ராஜ் கையிலிருந்த எலும்பை இலையில் வைத்தார். “நாங்க உங்களுக்காகத்தான் தம்பி குத்திக்கிட்டுக் கெடக்கோம்.”

இதைக் கிருபாவதியிடம் யார் சொல்வது என்று வழியெல்லாம் பேசினார்கள். இருவருமே பெருந்தன்மையாக அந்த வாய்ப்பை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதற்குத் தேவையே இருக்கவில்லை. வாசலில் நின்ற கிருபாவதி மூக்கை விரித்து மோந்து பார்த்தாள்.

“கையக் காட்டுங்க ரெண்டு பேரும்.”

காட்டினார்கள். மஞ்சள் பூத்திருந்த நகங்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“நல்லகண்ணு கடைதான? எனக்கும் ஒரு நல்லி கட்டிக்கிட்டு வரணும்னு தோணுச்சா உங்களுக்கு? கெழங்கத் தின்னுதின்னு எனக்கு நாக்குச் செத்துப்போச்சு.”

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் அம்மிச் சத்தம் கேட்டது. மறுநாள் மேசை எஸ்டேட்டுக்கும், நாற்காலி முழுநேர ஊழியத்துக்கும் திரும்பின. ஒரு முள்கரண்டியை மட்டும் கிருபாவதி கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது பக்கத்திலேயே வைத்திருப்பாள். பொன்னுராஜ் வீட்டு ஆள் யாராவது தெருவில் வாசலைத் தாண்டிப் போனால், இடது கையால் அதை எடுத்து, வெளியே கேட்கிற மாதிரி பீங்கான் தட்டில் நாலு தட்டுத் தட்டிவிட்டு, மறுபடி சோற்றைப் பிசைவாள்.