மூன்றாம் ஓலை

லூர்து போய்விட்டான் என்று செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் போன் வந்தது. முத்தையாபுரத்தில் இறங்கித் திரும்பினேன். அவன் கல்யாணத்துக்குப் போட்ட பந்தலிலேயே அவனைக் கிடத்தியிருந்தார்கள். “வயித்துவலி தாங்காம இப்படிப் பண்ணிட்டான்” என்று அவன் மாமா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லூர்தைத் தெரிந்த உங்களிடமாவது உண்மையைச் சொல்கிறேன். ஷிப்பிங் ஆபீஸில் ஏழு வருடம் அவனுக்கு அடுத்த மேசை நான். வயிற்றுவலி என்று ஒருநாள் லீவு போட்டதில்லை. அவன் ஆண்களை நேசித்தவன். வீட்டிலும் சொல்லியிருந்தான். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் சொல்லவும் என்று. நான்கு வருடத்துக்கு முன், வீட்டில் பார்த்த மாப்பிள்ளையோடு எனக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது. நான் இன்னொரு பெண்ணை நேசிப்பது லூர்துக்கு மட்டும்தான் தெரியும்.

“ஏளா, மூணு நாளா சாப்பாட்டு டப்பாவத் தொறக்கல. செத்துருவோம்னு நெனைக்கியா?” என்று நேராகவே கேட்டான். ஆமாம் என்றேன். அப்போதே பங்குச்சாமியிடம் கூட்டிப்போனான்.

“தடை இருக்கு சாமி. இவளுக்குச் சம்மதமில்ல” என்று அவனே சொன்னான்.

கல்யாணம் நின்றது. இவனோடுதான் எனக்குப் பழக்கம் என்று நினைத்து என் அண்ணன் அவனை அடித்தான். உதடு கிழிந்தது. அவன் மறுக்கவே இல்லை. “நெனச்சா நெனச்சிட்டுப் போறாவ, நீ மொதல்ல சாப்பிடு” என்றான்.

பிறகு எங்களைப் போன்ற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அவனுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். எடுத்ததும் இரண்டு கேள்விதான்: “சாப்டியா? பக்கத்துல யாரு இருக்கா?” இரண்டுக்கும் பதில் வராமல் வைக்கமாட்டான்.

போன மாதம் அவன் பெயரையே வாசித்தார்கள். எனக்கு ஆத்திரம். எங்களுக்கெல்லாம் தைரியம் சொன்னவன் இப்படிப் பணிந்துவிட்டானே என்று பேசாமலிருந்தேன். உதவி வேண்டுமென்றால் அவனே கேட்பான் என்றும் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் ஓலை அன்று, தடை தெரிந்தவர்கள் என்று சாமி வாசிக்கும்போது, ஆண்கள் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பிள்ளைகள் இப்போது எனக்குப் போன் போடுகிறார்கள். அவனுடைய இரண்டு கேள்விகளும்தான் என்னிடம் மிச்சம். அவற்றை லூர்திடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.