படுத்தபடி பார்க்க ஒரு ஜன்னல்

என் அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையில் படுத்துப் பார்ப்பாள். சித்தப்பா புது வீடு வாங்கியபோது அப்படித்தான் படுத்தாள். அவர் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துவர ஓடினார். "என்னம்மா, மயக்கமா?"

"இல்ல சித்தப்பா. உங்க மாமியார் இந்த ரூம்லதானே இருக்கப்போறாங்க? நாள் முழுக்க அவங்களுக்கு என்ன தெரியும்னு பார்க்கிறேன்."

"என்ன தெரியுது?"

"ஃபேன்."

சித்தப்பா அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டார்.

அவள் கட்டடக் கலைஞர். பதினெட்டு வருஷத்தில் பதினொரு வீடுகள், ஒரு பல் மருத்துவமனை, ஒரு நூலகத்தின் பின்பகுதி, கணக்கில்லாத கழிப்பறைகள். கழிப்பறை என்றால் எல்லோருக்கும் அவள் ஞாபகம் வரும்; முகப்பு என்றால் வேறு யாராவது ஞாபகத்துக்கு வருவார்கள். "நான் பின்பக்கத்து ஆளு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கோபம் இல்லாத சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

படிப்பில் அவள் ஒன்றும் பிரமாதம் இல்லை. முதல் வேலை, ஓர் அலுவலகத்தில் மற்றவர்கள் போட்ட வரைபடங்களை அனுமதிக்கு அனுப்புவதற்காகச் சுத்தமாகப் பிரதி எடுப்பது. எந்த வீடாக இருந்தாலும் ஜன்னல் தரையிலிருந்து மூன்றடியில் ஆரம்பிக்கும். ஏன் மூன்றடி என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை. அந்த வருஷம்தான் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தது.

அப்பா இருபத்தாறு வருஷம் செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து ஆட்களோடு பேசியே பழகியவர். வாடகை வீட்டின் முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டோம். தெருவை ஒட்டிய அறைதான். ஆனால் கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம், "யாரு வந்திருக்கா?" என்பார். நாங்கள் யாராவது உள்ளே வந்து சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார். நான்காவது மாதம், அம்மா அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா அவருடைய கட்டிலில் படுத்துப் பார்த்தாள். கூரை, ஃபேன், ஜன்னலின் மேல் ஓரத்தில் ஒரு மின்கம்பி.

"நாலு மாசமா இதைத்தான் பார்த்துக்கிட்டிருக்காரும்மா."

"வேற எதைப் பார்க்கணுமாம்? என் மூஞ்சியைப் பார்க்கட்டும்" என்றாள் அம்மா.

வீட்டுக்காரர் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், அக்கா ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தாள். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் செங்கல் எதையும் தாங்குவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே காலையில் அவ்வளவையும் எடுத்து, ஜன்னலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்த வீட்டுக்காரர் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"இது என்ன, ஜன்னலா நாய் நுழையிற வழியா? ஆணி அடிக்கவே என்னைக் கேட்கணும்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"ஆணி அடிக்கலையே அங்கிள்" என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து அப்பாவின் குழறிய குரல் வந்தது. "சார், உங்களுக்கு எட்டாம் நம்பர்தானே? ஏன் ஒன்பது போட்டிருக்கீங்க?"

வீட்டுக்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு அந்தச் சுவரைப் பற்றி அவர் பேசவில்லை. அப்பா அதன் பின் ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதமும், "யாரு வந்திருக்கா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. யார் வருகிறார்கள் என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார்.

அக்காவின் கொள்கை என்று ஒன்று இருந்தால் அது அந்த ஓட்டையில் ஆரம்பித்தது. அதை அவள் பெரிய வார்த்தைகளில் சொல்ல மாட்டாள். "நிக்கிறவங்க வரையுறாங்க. நிக்கிறவங்க பார்த்து நல்லாருக்குங்கிறாங்க. நிக்கிறவங்க கையெழுத்துப் போடுறாங்க. உள்ளே இருக்கப்போறவங்க படுத்திருக்காங்க." இவ்வளவுதான். அலுவலகத்தை விட்டு வெளியே வந்து தனியாக வேலை எடுக்க ஆரம்பித்தாள். வாடிக்கையாளர் வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் எங்கே போய் அழுகிறார்கள் என்றெல்லாம் கேட்பாள். பாதிப் பேர் அத்தோடு போய்விடுவார்கள்.

ஒரு வரைபடம் முடிந்துவிட்டது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு முறை எங்காவது படுத்து எழும்போதும் ஏதாவது மாறும். நான் ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, எந்த விடுதி அறையில் இறங்கினாலும் அவளிடமிருந்து ஒரே கேள்வி வரும்: "படுத்தா என்ன தெரியுது?" நான் படுத்துப் படம் எடுத்து அனுப்புவேன். ஒரு மலைச் சரிவு விடுதியில் ஜன்னல் தரையோடு தரையாக இருந்தது. சுவரைத் தாங்கும் கான்கிரீட் பீம் ஜன்னலுக்கு மேலே ஓடியது. அந்தப் படத்தைப் பார்த்த அன்று அவள் எனக்கு மூன்று முறை போன் செய்தாள்.

காரணம், அப்போது அவள் கையில் வாழ்க்கையிலேயே பெரிய வேலை இருந்தது. எழுந்து நடக்க முடியாதவர்களுக்காக ஓர் அறக்கட்டளை கட்டும் இல்லம். கிழக்கில் இருபது கட்டில், மேற்கில் இருபது கட்டில், கட்டிலுக்கு ஒரு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலும் தரையிலிருந்து பதினான்கு அங்குலத்தில் ஆரம்பிக்க வேண்டும், மெத்தையைவிடத் தாழ்வாக. மழைத் தண்ணீர் தேங்கும் இடம் என்பதால் கட்டடம் தூண்கள்மேல் ஆள் உயரத்தில் நின்றது. அந்த உயரத்திலிருந்து, படுத்திருப்பவருக்குத் தோட்டமும் சாலையும் தெரியும். இப்படி ஓர் இடத்தை யாரும் கட்டியதில்லை என்று அவள் நம்பினாள். எனக்குத் தெரிந்தும் யாரும் கட்டியதில்லை.

முதலில் கட்டுமானப் பொறியாளர் ஒத்துக்கொள்ளவில்லை. பீம் ஜன்னலுக்குக் கீழேதான் வர வேண்டும் என்றார். அப்படி வந்தால் ஜன்னல் இரண்டே முக்கால் அடிக்கு ஏறிவிடும். அனுமதிக்கு நாள் ஆகிக்கொண்டிருந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே ஒரு வரைபடம் போட்டு அனுப்பினாள். அது நான்காவது திருத்தம். அனுமதி வந்தது. அதன் பிறகு நான் அனுப்பிய படத்தைக் காட்டிப் பொறியாளரிடம் இரண்டு மாதம் மல்லுக்கட்டி, பீமை ஜன்னலுக்கு மேலே ஏற்ற வைத்தாள். அது ஒன்பதாவது திருத்தம்.

நான் திரும்பி வந்த இரண்டாவது வாரம் அவளைக் கட்டட இடத்துக்கு வண்டியில் கூட்டிப்போனேன். அவள் அங்கே போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. மழை வரப்போகிறது என்று மேற்குப் பக்கத்துக் கான்கிரீட்டை முன்கூட்டியே போட்டுவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. அவள் உற்சாகமாகத்தான் இருந்தாள்.

"வண்டியை நிறுத்து."

"இன்னும் கேட்டே வரலையேக்கா."

"நிறுத்துடி."

பலகைகள் எடுக்கப்பட்ட மேற்குச் சுவர் சாலையிலிருந்தே தெரிந்தது. இறங்கி ஓடினாள். டேப்பை எடுத்து அளந்தாள். இரண்டே முக்கால் அடி. முதல் ஜன்னலிலேயே தெரிந்துபோன விஷயம்தான். இருந்தும் இருபதையும் அளந்தாள். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். 

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எப்படி மேடம்? வழவழன்னு வந்திருக்கில்ல?"

"எதைப் பார்த்துப் போட்டீங்க?"

"டிராயிங்கைப் பார்த்துத்தான். ஒரு நூல் மாறாது."

சிமெண்ட் கொட்டகைக்குள் போய் ஒரு தாளை எடுத்துவந்து நீட்டினார். பளபளவென்று லேமினேட் செய்திருந்தது. "மழையில நனையக் கூடாதுன்னு நானே கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்தேன்."

நான்காவது திருத்தம்.

"ஒன்பதாவது எங்கே?"

"எல்லாம் உள்ளே பத்திரமா இருக்கு மேடம். நீங்கதான் வாரத்துக்கு ஒண்ணு அனுப்புறீங்களே. இன்னிக்குக் கதவு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம். பசங்க உங்களைத் 'திருத்தம் மேடம்'னுதான் சொல்றானுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கும் எதை நம்புறதுன்னு ஒண்ணு வேணுமில்ல? இதுலதான் அனுமதி சீல் இருந்துச்சு."

அக்கா அந்த முத்திரையைக் கட்டைவிரலால் தடவினாள். லேமினேட்டுக்கு உள்ளே இருந்தது. அவள் திட்டவில்லை. எதற்குத் திட்டுவது? இத்தனை வருஷமும் அவளுடைய பெரிய குணம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது, அந்தக் கொட்டகையில் இருந்தவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. அது அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

விஷயம் புரிந்ததும் மேஸ்திரியின் முகம் மாறியது. "ஜன்னலுக்குக் கீழேதானே மேடம்? வெட்டி எடுத்துடலாம். நாலு நாள் வேலை."

"அது செவரு இல்ல மேஸ்திரி. பீம்."

பொறியாளரைப் போனில் பிடித்தாள்.  அவர், "அதைத் தொடாதீங்க. மொத்தத் தளமும் அதுலதான் நிக்குது" என்றார்.

"மேல புதுசா ஒண்ணு போட்டுட்டு இதை எடுத்தா?"

"தூண்ல ஆரம்பிச்சு மாத்தணும். அதுக்கு இடிச்சிட்டுக் கட்டலாம்."

இடித்துக் கட்டுவது பற்றி அறக்கட்டளைச் செயலாளரிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர். அதனாலேயே அவரிடம் சண்டை போடவும் முடியவில்லை. "இப்ப எல்லாரும் இருக்கிற பழைய கட்டடத்தை நாலு மாசத்துல காலி பண்ணணும்மா. கூரை ஒழுகுது. மேற்குப் பக்கத்து இருபது பேரை எங்கே படுக்க வைப்பேன், உங்க ஆபீஸ்லயா? ஜன்னல் கொஞ்சம் உயரமா இருந்தா என்ன, வெளிச்சம் வருதில்ல?"

அடுத்த ஒரு மாதம் அவள் எதையெல்லாம் யோசித்தாள் என்று எனக்குத் தெரியும், கூடவே இருந்தேன். தரையை உயர்த்தலாம் என்றால் தளம் அந்தக் கனத்தைத் தாங்காது. கட்டிலை உயர்த்தலாம் என்று தலைமை நர்ஸிடம் கேட்டாள். "உயர்த்துங்க மேடம். அவங்க வெளியே பார்ப்பாங்க. யாராவது விழுந்தா நான் மேலே இருக்கிறவனைப் பார்க்கணும்." ஜன்னலுக்கு மேலே முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து மாட்டிப் பார்த்தாள். மூன்று மணிக்கு மேற்கு வெயில் அதில் பட்டு நேராகத் தலையணையில் விழுந்தது. பரிசோதனைக்காகப் படுத்திருந்த நான் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்தேன்.

கிழக்குப் பக்கத்துக்குக் கான்கிரீட் போட்டபோது அவள் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டாள். ஒவ்வொரு பலகையையும் தானே அளந்தாள். மேஸ்திரியும் மூச்சுவிடாமல் கூடவே நின்றார். இருபது ஜன்னலும் பதினான்கு அங்குலத்தில் வந்தன. அவள் அதில் சந்தோஷப்பட்டதை நான் பார்க்கவில்லை.

பிறகு செயலாளர் நாற்பது பேருடைய பட்டியலை அனுப்பினார். "யாருக்கு எந்தப் பக்கம்னு நீங்களே பிரிச்சுக் கொடுத்துடுங்க. இந்த ஜன்னல் விஷயமெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்."

அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரொம்ப நாள் படுத்திருக்கப்போகிறவர்களைக் கிழக்கே போடலாம் என்று ஆரம்பித்தாள். அப்படியென்றால் யார் சீக்கிரம் போய்விடுவார்கள் என்றும் அவளே முடிவு செய்ய வேண்டும். அந்த யோசனையை விட்டாள். கண் தெரியாதவர்கள் யார் என்று தேடினாள். மூன்று பேர்தான் இருந்தார்கள். மீதிப் பதினேழு பேர்?

"சீட்டுக் குலுக்கிப் போடேன்க்கா."

"குலுக்கினா என் கை தப்பிச்சிடும். அவங்க?"

நான்கு நாள் கழித்துப் பட்டியலை எதுவும் எழுதாமல் திருப்பி அனுப்பினாள். விண்ணப்ப எண்படி முதல் இருபது பேர் கிழக்கு, மீதிப் பேர் மேற்கு என்று செயலாளர் பிரித்துவிட்டார். "இதுக்கா நாலு நாள்?" என்று அவளைக் கேட்டாராம்.

எல்லோரும் குடிவந்த நாளில் போனோம். கிழக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி ஏற்கனவே தோட்டக்காரரோடு சண்டையை ஆரம்பித்திருந்தார். "அந்தச் செடிக்கு ஊத்தலை! நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்!" தோட்டக்காரர் மேலே பார்த்து முனகிக்கொண்டே வாளியை எடுத்தார். அக்கா அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நேராக மேற்குப் பக்கம் போனாள்.

அங்கே மூன்றாவது கட்டிலில் ஒரு தையல்காரரைப் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. அவருடைய மனைவி பைகளிலிருந்து சாமான்களை எடுத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்க், மருந்து டப்பா, சீப்பு, ரேடியோ, மடித்த துணி. இவள்தான் கட்டியது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அக்காவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கட்டினதாம்மா? நல்லாருக்கணும். பழைய இடத்துல ஒரு சாமான் வைக்க இடம் கிடையாது. இங்கே பாருங்க, கட்டிலுக்குக் கட்டில் அலமாரி மாதிரி விட்டிருக்கீங்க."

அக்கா தலையை மட்டும் அசைத்தாள். தையல்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தலையணையிலிருந்து பார்த்தால் அந்த ஜன்னலில் கொஞ்சம் வானம் தெரியும். அந்த இடத்தில் பிளாஸ்க் இருந்தது. மனைவி பையை மடிக்கக் குனிந்தபோது, அக்கா பிளாஸ்க்கை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

அந்த அம்மா நிமிர்ந்தார். ஓரத்தில் இருந்தால் கை தட்டி விழுந்துவிடும் என்று சொல்லியபடி, அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு மறுபடியும், "நல்லாருக்கணும்" என்றார்.

அக்கா இன்னொரு முறை கை நீட்டவில்லை.