சங்கமித்ரா திருப்பி அனுப்பிய செம்பு

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மித்ராக்காவைப் பற்றி நிம்மதியாகப் பெருமையடித்துக்கொள்ள முடியும்.

பெங்களூர் அடுகோடியில் பெர்னார்ட் சாரின் பட்டறையில் நாங்கள் பேனல் போர்டு செய்கிறோம். பெரிய கட்டடத்துக்கு வரும் மின்சாரத்தை வாங்கி மாடி மாடியாகப் பிரித்துக் கொடுக்கும் இரும்பு அலமாரி அது. உள்ளே கரண்ட்டைச் சுமப்பவை செம்புப் பட்டைகள். அவற்றை வாங்குவது என் வேலை. பெயர் தேசிகன், ஊர் கும்பகோணம், பெங்களூருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வாங்கி வந்ததைச் சோதித்து உள்ளே விடுவது சங்கமித்ராவின் வேலை. சோதித்த ஒவ்வொரு பட்டையிலும் மார்க்கரால் கையெழுத்துப் போடுவார். அது இல்லாத பட்டையை ஃபிட்டர்கள் தொடக்கூட மாட்டார்கள்.

அக்கா மர்ஃபி டவுனில் பிறந்தவர், இப்போது ஈஜிபுராவில் குடித்தனம். அப்பா வயரிங் வேலை செய்தவர். வீட்டில் புத்தர் படத்துக்குக் கீழேயே டெஸ்டரும் ஸ்க்ரூடிரைவரும் இருக்குமாம். ஐ.டி.ஐ. முடித்து இங்கே சேர்ந்தபோது, பெண் என்பதால் பேனலில் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்களாம். இருபத்திரண்டு வருடம் கழித்து இன்று அவர் வேண்டாம் என்றால் வந்த லாரி அப்படியே திரும்பிப் போகும். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவர்தான் குவாலிட்டி இன்சார்ஜ் என்று பெர்னார்ட் சார் சொல்லியிருந்தார். பட்டறையில் அந்த நாற்காலியில் அதுவரை எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஓர் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. வழக்கமான கடையில் சரக்கு இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டுமே, ஏ.சி. குழாய்க்குச் செம்பு விற்கும் ஒருவரிடம் போய் அறுபது பட்டை வாங்கி வந்தேன். சர்டிஃபிகேட்டில் செம்பு 99.9 சதவீதம் என்று இருந்தது. நகைத் தங்கம்கூட இவ்வளவு சுத்தமில்லை என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். மின்தடை அளக்கும் மீட்டர் அன்று சர்வீசுக்குப் போயிருந்தது. அக்கா சர்டிஃபிகேட்டைப் பார்த்தார், எடை போட்டார், அறுபதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை துளை போடும் வேலை. ஒரு முனையில் டிரில் இறங்கும்போது மறுமுனையை வெறுங்கையால் தொட்டுப் பார்ப்பது அக்காவின் பழக்கம். மூன்றாவது பட்டையில் மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"சூடு மெதுவா வருது தேசிகா. இந்நேரம் கை சுட்டிருக்கணும்."

"சுடலைன்னா நல்லதுதானேக்கா?" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பழைய பட்டையில் ஒரு துண்டு, புதியதில் ஒரு துண்டு, ஒரே அளவில் வெட்டினார். இரண்டின் மேல்முனையிலும் ஒரு சொட்டு மெழுகு, மெழுகில் ஒரு தீக்குச்சி. டீ போடும் பாத்திரத்தின் கொதிநீரில் இரண்டையும் சேர்த்து நிறுத்தினார். பழைய துண்டின் குச்சி முதலில் சாய்ந்து விழுந்தது. புதியதில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. மூன்று தடவை செய்தார், மூன்று தடவையும் அப்படியேதான். அதற்குள் பெர்னார்ட் சார் வந்துவிட்டார்.

"சூடு லேட்டா வந்தா கரண்ட்டுக்கு என்னம்மா?"

"ரெண்டையும் தூக்கிட்டுப் போற ஆளு ஒண்ணுதான் சார். செம்புல ஒவ்வொரு அணுவும் ஒரு எலக்ட்ரானை அவுத்து விட்டுடுது. அது எந்த அணுவுக்கும் சொந்தமில்லாம உள்ள சுத்திக்கினே இருக்கும். கரண்ட்டும் அதாலதான் போவுது, சூடும் அதாலதான் போவுது. அணுவெல்லாம் ஒழுங்கா வரிசையில நின்னா ரோடு காலி. நடுவுல வேற சரக்கு துளி கலந்தாலும், ஈஜிபுரா சிக்னல்ல நாலு ஆட்டோ குறுக்க நின்ன மாதிரிதான்."

"தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பதுக்கா!" என்றேன் நான்.

"மீதி இருக்குதே, அதுல பாஸ்பரஸ் இருக்கும். குழாயோட குழாயைப் பத்தவைக்க அது வேணும்னு போடுவாங்க. குழாய்க்கு இது நல்ல செம்பு. நம்ம பேனல்ல போட்டா ஆபரேஷன் தியேட்டர் லோடுக்குப் பட்டை சூடேறிக் காய்ஞ்சிடும்."

சார் முகம் சிவந்துவிட்டது. "அப்ப இதை யாரு பாஸ் பண்ணது?"

"நான்தான் சார். மீட்டர் வர்ற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கணும். பேப்பரை நம்பிட்டேன்."

"வாங்கினது நான் சார்," என்று நானும் இழுத்தேன்.

"நீ சும்னே இருப்பா," என்று என்னை அடக்கிவிட்டு, "இன்சார்ஜ் விஷயத்தை அப்புறம் பாக்கலாம்," என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா பெயிண்ட் தின்னரில் துணியை நனைத்து, ஒவ்வொரு பட்டையாகத் தன் கையெழுத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நானும் ஒரு துணியை எடுத்தேன்.

"வை. என் கையெழுத்தை நான்தான் அழிக்கணும்."

அறுபதையும் அவரே அழித்தார். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது எனக்கு.

லேபுக்கு அனுப்பிய துண்டின் ரிப்போர்ட் வந்தது. நல்ல செம்பில் நூறு பங்கு கரண்ட் போகும் இடத்தில் இதில் எண்பதுதான் போகிறதாம். பட்டைகள் திரும்பிப் போயின. சரியான செம்பு வந்து பேனல் முடிய பத்து நாள் தாமதம்.

பேனலைப் பார்வையிட ஆஸ்பத்திரி இன்ஜினியர் மஞ்சுநாத் வந்தார். கறார் பேர்வழி. வந்ததும் வராததுமாக, ஏன் பத்து நாள் லேட் என்று கன்னடத்தில் கேட்டார். லாரி கிடைக்கவில்லை என்று ஒரு பொய்யை நான் தயாராக வைத்திருந்தேன். பெர்னார்ட் சார் என்னை முந்திக்கொண்டு, "சங்கமித்ரா, நீங்களே சொல்லுங்க," என்றார்.

அக்கா கன்னடத்தில் சொன்னார். தான் கையெழுத்துப் போட்டதிலிருந்து, கையில் சூடு வராதது, மெழுகு, லேப், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். மஞ்சுநாத் முழுக்கக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஃபாரத்தைப் பிரித்துப் பேனாவை எடுத்தார்.

"இதில் குவாலிட்டி இன்சார்ஜ் பெயர் எழுத வேண்டும். யார் அவர்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ்வளவு நேரம் உங்ககிட்ட பேசினாங்களே, அவங்கதான்," என்றார் பெர்னார்ட் சார்.

அக்கா சட்டென்று நிமிர்ந்து சாரைப் பார்த்தார். பிறகு மஞ்சுநாத் எழுத எழுத, தன் பெயரை நிதானமாகச் சொன்னார். எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டிவிட்டேன். மஞ்சுநாத் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.