மகளிடம் பேசாத தமிழ்

காவிரித் தகராறில் ஊர் பற்றியெரிந்த தொண்ணூற்றொன்றில் என் மகளுக்கு நான்கு வயது. தமிழர்கள் நிறைந்த ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். நானும் மகளும் வந்த பஸ்ஸை மறித்துப் பத்துப் பேர் ஏறினார்கள். ஒவ்வொருவரையும் கன்னடத்தில் பேசச் சொன்னார்கள். மகள் மெதுவாக, “அம்மா, ஏன் கத்றாங்க?” என்றாள். அவள் வாயைப் பொத்தினேன். பக்கத்தில் இருந்த கன்னடக்காரப் பெண் அவளைத் தன் மடிக்கு இழுத்து, “நன்ன மகளு, ஜ்வர பந்திதெ” என்றாள். அவள் பிள்ளைதான், காய்ச்சல் என்று நம்பி எங்களைத் தாண்டிப் போனார்கள். அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்கு இப்போது நினைவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் கதவைத் தாழிட்டார். பிறகு, “இனிமே புள்ளகிட்ட தமிழ் வேணாம்” என்றார்.

“வேற எந்த பாஷைல நான் அவள கொஞ்சுவேன்?”

“உசுரு இருந்தாதானே கொஞ்சுறதுக்கு?”

தமிழர்கள் அதிகமில்லாத பகுதிக்கு வீடு மாறினோம். எனக்குத் தெரிந்தது காய்கறி வாங்கும் கன்னடம். அதை வைத்துத்தான் பிள்ளை வளர்த்தேன். சாப்பிடு, படி, குடை எடு. அதற்கு மேல் போக எனக்குச் சொல் இல்லை. அவள் பள்ளியில் ஆங்கிலம் கற்றாள், தெருவில் நல்ல கன்னடம் கற்றாள். எங்கள் தமிழ் அவள் இல்லாத நேரங்களில் மட்டும் புழங்கியது. அவளுக்கிருந்த கொஞ்சத் தமிழும் மறந்துபோனது. என்னைவிட அவருக்குத்தான் அது கஷ்டம். வாயாடி மனிதர், மகள் முன்னால் ஊமையாக உட்கார்ந்திருப்பார்.

அவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் கன்னடம் முழுக்க அவரைவிட்டுப் போய்விட்டது. மகளின் கையைப் பிடித்து, குழறலாக, “உன் வாயக் கட்டிட்டேம்மா. மனசு ஆறல” என்றார்.

என்ன சொல்கிறார் என்று புரியாமல் அவள் என்னைப் பார்த்தாள். “ஏனந்த்ரு அப்பா?”

மனசு ஆறவில்லை என்பதைக் கன்னடத்தில் எப்படிச் சொல்வது? தேடினேன். கிடைக்கவில்லை. “பேஜாரந்தெ” என்றேன். வருத்தமாம், அவ்வளவுதான். ஊரில் பஸ் தாமதமானாலும் பேஜார்தான்.

அவள் தலையணையைச் சரிசெய்து, “இட்ஸ் ஓகேப்பா” என்றாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரியாகச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் அவர் சொன்னதை முழுதாகச் சொல்லிவிட நினைத்து அவளை உட்காரவைத்தேன். பாதியில் சொல் முட்டி நின்றேன். “பிடம்மா, பரவாகில்லா” என்று விட்டுவிடச் சொல்லி என் தோளைத் தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். கோபமில்லை அவளுக்கு. இழந்தது என்னவென்று தெரிந்தால்தானே கோபம் வரும்.