நூர்தீன் பாய் தொட மறுத்த கால்

நான் மூன்றாவது வரைதான் படித்தேன். பதினாறு வயதில் சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டிங் பிடித்து, பிறகு பூன் லேயில் சொந்தப் பட்டறை போட்டு நாற்பது பேருக்கு வேலை கொடுத்தவன். எந்த முதலாளி முன்னாலும் கைகட்டி நின்றதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது நூர்தீன் பாயைப் பற்றி.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் பாய் மசாஜ் செய்கிறார். ஒரு கட்டில், ஒரு திரை, அவ்வளவுதான். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை. வெந்நீரில் கையைச் சூடாக்காமல் யாரையும் தொடமாட்டார். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். எனக்கு அது எரிச்சல்.

அரை மணி நேரம் தோளை அழுத்தினால் விறைத்த விரல்கள் கதகதப்பாகும், மனசுக்குள் இருக்கிற கொதிப்பும் அடங்கும். ஒருநாள் முன்னும் பின்னும் பிரஷர் பார்த்தேன். நூற்று அறுபதிலிருந்து நூற்று நாற்பதுக்கு இறங்கியிருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். பாயோ, "கொஞ்ச நேரம் சும்மா படுத்தீங்க, இறங்குச்சு. நாளைக்கு ஏறும். மாத்திரைய நிறுத்திடாதீங்க லா" என்றார். தன் வேலையைத் தானே குறைத்துப் பேசுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன மாதம் என் மகன் ஆர்னால்ட் ஆபீஸ் வேலையாக லண்டன் போய், விமானத்தில் பதின்மூன்று மணி நேரம் உட்கார்ந்தபடியே திரும்பினான். இடது கெண்டைக்காலில் வலி. ஞாயிறு பூசை முடிந்ததும் பாயிடம் கூட்டிப் போனேன்.

பாய் இரண்டு காலிலும் மாறி மாறிப் புறங்கையை வைத்துப் பார்த்தார். இடது கால் வீங்கிச் சூடாக இருந்தது. கையை எடுத்துவிட்டார்.

"இத நான் தொடமாட்டேன் அண்ணே. உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். அமுக்கினா கட்டி நகரலாம். இப்பவே எமர்ஜென்சிக்குப் போங்க."

"பயந்தாங்கொள்ளி. அம்பது வருஷமா இரும்ப வளைச்ச கை இது. நான் பாத்துக்கிறேன்."

"இரும்பு வேற அண்ணே."

ஆர்னால்ட் நடுவில் புகுந்தான். "நாளைக்கு மீட்டிங் இருக்கு லா. அப்புறம் போறேன்."

ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டுக்கு வந்து தைலம் போட்டு நானே உருவினேன். "போதும்ப்பா" என்று பல்லைக் கடித்தான். "இன்னும் கொஞ்சம்" என்றேன். பாய் இரண்டு தடவை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை லிஃப்ட் வாசலில் ஆர்னால்டுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது.

கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். நான் அமுக்கியதாலா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "சொல்ல முடியாது அங்கிள். தானாவும் நகரும்" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பாய் மறுபடி போன் செய்தபோது எடுத்தேன்; கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அப்போதே சொன்னேனே என்று அவர் கேட்கவில்லை. ஐஸாக இருந்த என் கையை எடுத்து விரல் விரலாக அழுத்தினார். விரலுக்குச் சூடு வந்தது. நெஞ்சுப் படபடப்பு அப்படியே இருந்தது.

"பாய், உள்ள போய் ஏதாவது பண்ணுங்களேன்."

"என்னால ஆகுறது இவ்வளவுதான் அண்ணே. மிச்சம் அவங்க கையில."

சாயங்காலம் என்னை உள்ளே விட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் போனால்தான் எதுவும் தெரியும், காலைத் தொடாதீர்கள் என்றார் நர்ஸ். அவன் காலில் போர்வை விலகியிருந்தது. அதை இழுத்துவிடக்கூடப் பயமாக இருந்தது.

ஆர்னால்ட் கண்ணைத் திறந்தான்.

"என்னப்பா, கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

குனிந்து பார்த்தேன். கட்டிக்கொண்டுதான் நின்றேன்.