டாக்மரின் துண்டுச்சீட்டுகள்

உமியோ நகரத்து டாக்மருக்கு ஒருவரைத் திட்ட வாய் போதாது, காகிதம் வேண்டும். அடுக்குமாடியின் பொதுச் சலவை அறையில் யாராவது இயந்திரத்தில் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சை விட்டுப்போனால், "இதை எடுக்க உங்கள் அம்மா வருவாளா?" என்று எழுதி ஒட்டிவிடுவாள். கையெழுத்து போடமாட்டாள். அந்த ஊரில் யாரும் போடுவதில்லை. ஆனால் முப்பத்தோராண்டு தபால் கொடுத்தவளின் எழுத்து யாருக்குத்தான் தெரியாது?

ஓய்வு பெற்றபின் அந்தக் கோபமெல்லாம் பறவைச் சங்கத்துக்குக் குடிபோனது. இந்த ஏப்ரலில் தலைக்கேறியது. அவள் ஆந்தைக் குரல்களைப் பதிவு செய்யும் காட்டை வெட்டப் போகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒலிப்பதிவுகளை வன அலுவலகத்தில் கொடுத்தால்தான் நிறுத்த முடியும். சங்கத்துப் பொதுக் கணினியிலோ ஒன்றைக்கூட ஏற்ற இடமில்லை. கோப்புறைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். நானூறு ஜிபி. ஆனால் மொத்த இரண்டாயிரமும் தீர்ந்தது என்றது கணினி. மீதியை எவன் விழுங்கினான்?

"தாய்லாந்து விடுமுறை வீடியோவால் நிரப்பியவர் யாரென்று எனக்குத் தெரியும். வெட்கமாக இல்லை?" என்று திரைமேல் ஒட்டினாள். அவளுக்குத் தெரியாது, சும்மா ஒரு மிரட்டல். காபி நேரத்தில் எல்லோரும் தலையைக் குனிந்து ஏலக்காய் பன்னைத் தின்றார்கள்.

ஆத்திரத்தில், இடமாவது கிடைக்கட்டும் என்று போன வருடத்து ஆந்தைப் பதிவுகளையே அழித்தாள். அப்போதும் துளி இடம் காலியாகவில்லை. புதன்கிழமை வன அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். இந்த வருடப் பதிவு மட்டும் போதாதாம், போன வருடமும் கூடு இருந்ததற்கு ஆதாரம் வேண்டுமாம். டாக்மர் சங்கத்துக்கு ஓடினாள்.

தபால் வேலையில் கூட இருந்த ஹோகான்தான் சங்கத்திலும் அகப்பட்டான்.

"அழிச்சிட்டேன் ஹோகான்! எந்தத் தடியனோ அடைச்சு வெச்சதுக்கு, என் கையாலயே அழிச்சிட்டேன்!"

"கத்தாத. மறைஞ்சிருக்கிற கோப்பையும் காட்டச் சொல்லிப் பாத்தியா?"

"எவன் மறைச்சான்?"

"பாப்போமே."

அவன் கணினியில் ஓர் அமைப்பை மாற்றினான். அதுவரை இல்லாத குப்பைத்தொட்டி ஒன்று பட்டியலில் முளைத்தது. ஆயிரத்து அறுநூறு ஜிபிக்கு மேல். தாய்லாந்து இல்லை. ஒன்பது வருடமாக அழித்ததெல்லாம் கொட்டப்படாமல் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே போன வருடத்து ஆந்தைகள், அப்படியே.

"இருக்கு!" என்றவளுக்கு உடனே மறுபடி பற்றிக்கொண்டது. "தொட்டிய மறைச்ச முட்டாள் யாரு?"

ஹோகான் எதையோ நினைத்துக்கொண்டவனாக விசைப்பலகையைத் தூக்கினான். அடியில் பழுத்துப்போன ஒரு சீட்டு. "என் கொக்குப் படங்களைத் தொட்டியோடு கொட்டிய மேதைக்கு: இனி எவரும் இதைத் தொடக் கூடாது. மறைத்துவிட்டேன்." பெயரில்லை, ஆனால் அவள் எழுத்தேதான்.

"ஒன்பது வருஷமா ஒருத்தருக்கும் வாயில்லையா? என்னக் கேட்டிருக்கக் கூடாதா?"

"உன்னயா? பதில் எழுத சீட்டுல எங்க இடம் விட்ட?"

டாக்மருக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. ஆந்தைகளைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தாள். மற்றதையெல்லாம் தானே கொட்டினாள், புதிய பதிவுகளை ஏற்றினாள். இரண்டு வருடத்துப் பதிவும் வெள்ளிக்கிழமை காலையிலேயே அலுவலகம் போய்ச் சேர்ந்தது.

திரும்பி வந்து தாய்லாந்துச் சீட்டைக் கிழித்தாள். பெரிய தாளாக ஒன்றை எடுத்து, "இடத்தை அடைத்தது நான்தான்" என்று எழுதிப் பெயரையும் போட்டாள். கீழே முக்கால் தாளை வெறுமையாக விட்டு ஒட்டினாள்.

அடுத்த கூட்டத்துக்குள் அதில் பதில் எழுத இடமில்லாமல் போயிற்று.